ஆட்டுக்கல்லில் ஒரு ‘கீ’

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடிதங்களும், பலசரக்குச் சீட்டும், பிள்ளைகளின் நோட்டு அட்டையில் பெயரும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாண வீடுகளில் அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்ததற்குக் காரணம் என் சித்தியின் மூத்த மகள்.

போன மாதம் தூத்துக்குடியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்கட்டில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் பக்கவாட்டில் கறுப்பாக ஓர் எழுத்து இருப்பதை அவளுடைய பிள்ளைகள் பார்த்துவிட்டு, இதென்ன ‘கீ’, யார் எழுதியது என்று கேட்டார்கள். நான்தான் எழுதினேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. “அப்ப அந்தக் கதைய எழுதித் தாங்கக்கா” என்று அவள் ஒரு நோட்டை வாங்கி என் பைக்குள் வைத்துவிட்டாள். எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டாவது உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டி ஒரு பழைய ஓட்டு வீட்டில் நாங்களும் சித்தப்பா குடும்பமும் சேர்ந்து இருந்தோம். அப்பா துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் மேஸ்திரி. சித்தப்பா அப்படியொரு தோணியில் கொழும்புக்குப் போய் வருகிறவர். சித்தி கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாசமாக இருந்தாள்.

வீட்டுக்காரருக்குப் பஞ்சுப் பொதி அடுக்கக் கிட்டங்கி தேவைப்பட்டது. ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கிற மாதிரி வீடு எங்கும் அமையவில்லை. கடைசியில் இரண்டு சின்ன வீடுகளைப் பார்த்தார்கள். கடற்கரைப் பக்கம் இருந்தது கீழ வீடு. ரயில் பாதைப் பக்கம் இருந்தது மேல வீடு. கடலுக்குப் போகிற சித்தப்பாவுக்குக் கீழ வீடு. அப்பாவுக்கு ரயில் பாதையை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் புது வேலை கிடைத்திருந்ததால் எங்களுக்கு மேல வீடு. இதுதான் ஏற்பாடு.

ஆனால் குடும்பம் இரண்டாகப் போகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று ஊரில் பேசுவார்கள் என்பது அப்பாவின் பயம். “வீடு மாத்துதோம்” என்று மட்டும்தான் சொன்னார்கள். கீழ வீடு சித்தப்பாவுக்கு, மேல வீடு நமக்கு என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கிழக்கைக் கீழ என்றும் மேற்கை மேல என்றும் சொல்வது எனக்கும் தெரியும். கீழத்தெரு, மேலத்தெரு என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டபோது என் மனத்தில் எழுந்து நின்றது ஒரு மாடி வீடு. கீழே சித்தி, மேலே நாங்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. என் வகுப்பில் சங்கு வியாபாரம் செய்கிற ஒருவரின் மகள் படித்தாள். அவர்கள் வீட்டில் மாடி உண்டு. மாடியில் நின்றால் கப்பல் தெரியும் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவாள். நான் பதில் பேச மாட்டேன். மாடி வீட்டுக்குப் போகிறோம் என்று நான் நினைத்துக்கொண்ட அன்றைக்கு, ஆயுளில் முதல் தடவையாக நானாகப் போய் அவளிடம் பேசினேன்.

“நாங்களும் மாடி வீட்டுக்குப் போறோம். மேல நாங்க. கீழ எங்க சித்தி.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “போயிட்டு வந்து சொல்லு, கப்பல் தெரியுதான்னு” என்றாள்.

அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

வீடு மாற்றுகிற வேலையை அப்பா ஒரு தோணிக்குச் சரக்கு ஏற்றுகிற மாதிரியே செய்தார். ஒரு வாரத்துக்கு முன்பே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் மூட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஊறுகாய் ஜாடிகளை வைக்கோலில் புதைக்கச் சொன்னார். பானைக்குள் பானை, அதற்குள் சட்டி, சட்டிக்குள் அகப்பை என்று அடுக்கச் சொன்னார். எத்தனை வருஷமாகத் தோணி ஏற்றியிருக்கிறேன், ஒரு ஜாடி உடைந்ததில்லை, என் வீட்டுச் சாமானிலா உடையப்போகிறது என்று கேட்டார். யாரும் உடையும் என்று சொல்லியிருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் மற்ற எல்லாரும் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அம்மாவும் சித்தியும் மட்டும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பேசாமல் இருந்தது புதிதல்ல. சித்திக்குச் சின்ன வயதிலேயே தாய் இறந்துவிட்டாள். சீர் செய்ய ஆளில்லை. ஒரு பாயும் தலையணையும் கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதைப் பற்றி அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஏதோ எரிச்சலில், பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும்படி, “வெறுங்கையோட வந்தவளுக்கு வாய் மட்டும் நிறைய” என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சித்திக்கு வாயே இல்லாமல் போயிற்று. மசாலை அரைக்க வேண்டுமென்றால்கூட, “அக்கா, உங்க அம்மிய எடுத்துக்கிடட்டா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். அந்த ‘உங்க’வைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்கும். ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

இப்போது வீட்டுச் சாமானைப் பங்கு பிரிக்க வேண்டும். அம்மி ஒன்றுதான். உரல் ஒன்றுதான். ஆட்டுக்கல், பித்தளை அண்டா எல்லாம் ஒவ்வொன்றுதான். சித்தி என்ன எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போவாள்? இதுதான் எல்லாருடைய மனத்திலும் இருந்த கேள்வி. யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா அப்போது தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். ஒரு சிரட்டை நிறையக் கீல் வைத்திருந்தார். தோணியின் அடிப்பலகையில் பூசுகிற கறுப்புக் கீல். ஒரு குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

“ஏளா, இந்த வீட்டுல உன் கைதான் நல்ல கை. கீழ வீட்டுக்குப் போறதுல ‘கீ’ போடு. மேல வீட்டுக்குப் போறதுல ‘மே’ போடு. ஒத்தை எழுத்து போதும். எது எதுன்னு அம்மாவும் சித்தியும் சொல்லுவாவ.”

பாய், தலையணை, துணி மூட்டைகளில் கீல் பூசக் கூடாது, ஓலைத் துண்டில் எழுதிக் கட்டு என்றும் சொன்னார். துறைமுகத்தில் சரக்குக்குக் குறி போடுவது பெரிய ஆட்கள் செய்கிற வேலை. வீட்டில் எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குச் சரக்குக் குறிகளில் வருகிற எழுத்துகள் மட்டும் தெரியும். அம்மாவுக்கும் சித்திக்கும் அதுவும் தெரியாது. சிரட்டையைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனபோது ஒரு தோணியே என் சொல்லுக்குக் காத்திருப்பது போல இருந்தது.

அம்மா வைக்கோலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அண்டா கீழயா மேலயா என்று கேட்டேன்.

“உன் சித்திகிட்ட கேளு. என்ன வேணும்னு அவ வாயால சொல்லட்டும்” என்றாள் அம்மா.

சித்தி பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன்.

“உங்கம்மாகிட்ட கேளு. நான் கொண்டுவந்தது ஒரு பாயும் தலையணையும். அதுக்கு எழுத்து எதுக்கு?”

திரும்ப அம்மாவிடம் போனேன். திரும்பச் சித்தியிடம் வந்தேன். இப்படி மூன்று முறை நடந்தது. நாலாவது முறை அம்மா, “போளா அங்கிட்டு” என்று விரட்டிவிட்டாள். கீல் சிரட்டைக்குள் இறுகத் தொடங்கியிருந்தது. அப்பா வந்து பார்த்தால் ஒரு எழுத்துகூட எழுதவில்லை என்று நினைப்பார். என் கை நல்ல கை என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

நானே முடிவு செய்தேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் யார் ஏறுவார்கள்? ஆட்டுக்கல் ‘கீ’. உரல் ‘கீ’. அம்மி, குழவி இரண்டும் ‘கீ’. அண்டா, அரிசிப் பானை, இரும்புப் பெட்டி எல்லாம் ‘கீ’. கனமானது எதுவானாலும் கீழேயே இருக்கட்டும், வேண்டும்போது இறங்கி வந்து அரைத்துக்கொள்ளலாம். லேசானதெல்லாம் ‘மே’. பாய்கள், தலையணைகள், சுளகு, ஓலைப்பெட்டிகள், வாரியல், அரிக்கேன் விளக்கு, மாதா படம். கோழிகளுக்கு உயரம் பிடிக்கும் என்பதால் கோழிக்கூட்டுக்கும் ‘மே’. பிறக்கப்போகிற பிள்ளைக்காகச் சித்தப்பா கொழும்பிலிருந்து ஒரு பிரம்புத் தொட்டில் கொண்டுவந்திருந்தார். மாடியில் காற்று நன்றாக வரும், பிள்ளை தூங்கும். தொட்டிலின் காலிலும் ஒரு ‘மே’ போட்டேன்.

எழுத்துகளெல்லாம் அச்சு மாதிரி விழுந்தன. அதிலும் ஆட்டுக்கல்லில் போட்ட ‘கீ’யின் சுழி அவ்வளவு அழகாக வந்தது. எட்டி நின்று பார்த்தேன். இதைவிட நல்ல எழுத்தை நான் அதற்குப் பிறகும் எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை அம்மா ஒரு பானை உப்பும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முன்னாலேயே புது வீட்டுக்குப் போய்விட்டாள். சாமான் வருவதற்கு முன் வீட்டுக்காரி உப்போடு நுழைய வேண்டும் என்பது வழக்கம். போகிற போக்கில் இன்னொரு சின்னப் பானை உப்பைச் சித்தியின் பாய்க்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சித்தியும் அந்தப் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள், கோபத்தில் தனித்தனியாக நடக்கிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மாட்டு வண்டிகள் வந்தன. அப்பா வாசலில் நின்றுகொண்டு, “கீ அங்க, மே இங்க” என்று சொல்லச் சொல்ல ஆட்கள் ஏற்றினார்கள். ஒரு வண்டியில் ஆட்டுக்கல்லும் உரலும் அண்டாவும் ஏறியதில் அச்சு முனகியது. மற்றதில் பாயும் தலையணையும் கோழிக்கூடும் ஏறின. மாடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏளா, சரியாத்தான் எழுதினியா?”

எழுத்துப் பிழையைக் கேட்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றேன். அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. பெண்கள் இருவரும் ஒரு வழியாகப் பேசி முடித்துவிட்டார்கள், அதில் தான் தலையிடுவது நல்லதல்ல என்று நினைத்தாராம். பின்னால் அவரே சொன்னது.

நான் லேசான வண்டியில் தலையணை மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். மாதா கோயில் முக்கில் கனமான வண்டி கிழக்கே திரும்பியது. எங்கள் வண்டி மேற்கே போயிற்று.

“அண்ணாச்சி, அந்த வண்டி ஏன் அங்கன போவுது?” என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

“அது கீழ வீட்டு வண்டிலா. இது மேல வீட்டு வண்டி” என்றார் அவர்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. கனமான வண்டிக்கு வேறு ரோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நின்ற இடத்தில் ஒரு தாழ்ந்த ஓட்டு வீடு இருந்தது. அப்பா குனிந்துதான் உள்ளே போனார். நான் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின்பக்கம் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும் இருந்தன.

“மாடிப்படி எங்க?” என்று கேட்டேன்.

சாமானை இறக்கி வைத்துக்கொண்டே வந்த அம்மா நிமிர்ந்தாள். “அம்மி எங்க?” என்றாள்.

“கீழ வண்டியில போயிட்டு. நீங்க ரெண்டு பேரும்தான பேசி முடிச்சீங்க” என்றார் அப்பா.

“உரலு?”

“அதுவும்.”

அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பாவும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் அம்மாவின் கண் பிரம்புத் தொட்டில்மேல் போய் நின்றது. சித்தி எதை விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். கனமானதெல்லாம் கீழே, லேசானதெல்லாம் மேலே என்று நான் விளக்கிச் சொன்னேன். மாடியில் ஆட்டுக்கல்லை ஏற்ற முடியாது இல்லையா என்றும் கேட்டேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அண்டாவும் இரும்புப் பெட்டியும் அம்மாவின் தாய் வீட்டுச் சீர். அது எனக்குத் தெரியாது.

அன்று அரைத்து வைக்கிற குழம்பு இல்லை. கஞ்சியும் சுட்ட கருவாடும்தான். சாப்பிடும்போது அம்மா, பாதிச் சாமானையாவது திருப்பி எடுத்து வரவேண்டும், நாளைக்குக் கோயிலில் பூசை முடிந்ததும் சித்தி வீட்டுக்கு வண்டி அனுப்புங்கள் என்றாள். அப்பாவும் வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வண்டி வாசலில் நின்றது. மாட்டைத் திருப்பப் போகிற நேரத்தில் தெருமுனையில் சித்தி வந்துகொண்டிருந்தாள். கீழ வீட்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பில் ஒரு துணிப்பொதியைப் பிள்ளையைப் போல இடுக்கியிருந்தாள். உள்ளே வந்து துணியை விலக்கினாள். அம்மிக் குழவி.

“பிள்ளைத்தாச்சி கல்லைத் தூக்கிட்டா வருவ?” என்றாள் அம்மா. பல மாதத்துக்குப் பிறகு அம்மா அவளிடம் நேராகப் பேசியது அதுதான்.

சித்தி உட்காரவில்லை. “நான் ஒண்ணையும் தொடல அக்கா. வச்சது வச்ச இடத்துல இருக்கு. அம்மி கல்லு எல்லாத்தையும் எனக்கு அனுப்பியிருக்கிய. என் தொட்டில இங்கன எடுத்திருக்கிய. எனக்கு ஒண்ணும் புரியல. தெரிஞ்சு குடுத்தியளா, தெரியாம வந்துட்டா? அத மட்டும் சொல்லுங்க. தெரியாம வந்ததுன்னா வண்டிய அனுப்புங்க, ஏத்தி விடுதேன்.”

வண்டி வாசலிலேயே நின்றது. மாட்டின் மணி கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சித்தியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் இடுப்பிலிருந்து குழவியை வாங்கி, தரை மெழுகி ஈரமாக இருந்ததால், பக்கத்தில் இருந்த தொட்டிலுக்குள் படுக்க வைத்தாள்.

“தெரிஞ்சுதான்” என்றாள். “நாந்தான் பிள்ளைகிட்ட எழுதச் சொன்னேன்.”

சித்தி தொட்டிலையும் அதில் கிடந்த குழவியையும் பார்த்தாள்.

“உனக்குத் தாய் வீடு இல்ல. பேறுகாலத்துக்கு நீ இங்கன தான வரணும்? தொட்டில் பின்ன எங்க இருக்கும்?” அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “வெறுங்கையோட வந்தன்னு சொன்னவளும் நாந்தான். வெறுங்கையோட போவக் கூடாதுன்னு எழுதச் சொன்னதும் நாந்தான். உக்காருளா.”

சித்தி அப்படியே தொட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் அவள் முகத்தின் வேர்வையைத் துடைத்தாள். அப்பா வாசலுக்குப் போய் வண்டிக்காரரிடம் ஏதோ சொன்னார். சித்தி போகும்போது குழவியோடு ஏறிக்கொண்டு போகட்டும், அதுவரை காத்திரு என்று சொல்லியிருக்க வேண்டும். மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினார்கள்.

எனக்கும் அழுகை வந்தது. அவர்களுக்காக அல்ல. ஆட்டுக்கல்லிலும் அண்டாவிலும் எழுதியது நான். எது கீழ, எது மேல என்று முடிவு செய்ததும் நான். நாலு முறை கேட்டும் அம்மா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை; விரட்டிவிட்டாள். இப்போது எல்லாம் தான் சொன்னது என்கிறாள். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள், பூசை முடிந்து வந்த கையோடு, என் கண் முன்னால் பொய் சொல்லுகிறாள். அதுவும் என் பெருமையை எடுத்துக்கொள்வதற்காக. “நாந்தான் எழுதினேன், யாரும் சொல்லல” என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பி, கோழிகளைத் திறந்து விடச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். கோழிக்கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். உள்ளே அவர்கள் இருவரும் எதற்கோ சிரித்தது கேட்டது. அதுவும் என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. சங்குக்காரர் மகள், மாடியிலிருந்து கப்பல் தெரிகிறதா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் மாடி இல்லை என்று சொன்னேன். சாயங்காலம் அப்பா ஒரு புது அம்மி கொண்டுவந்தார்.